வந்து, வத்து, ரன் அவுட்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் நான் பாதுகாப்பு அதிகாரி. பெயர் சந்திரமோகன். ஹெல்மெட் போடு, கையுறை போடு, ஓடாதே என்று மற்றவர்களுக்குச் சொல்வதற்காகச் சம்பளம் வாங்குகிறவன். ஒவ்வொரு ஷிஃப்டும் தொடங்கும் முன் தொழிலாளிகளை வரிசையாக நிற்கவைத்து நான் ஆற்றும் உரைக்கு 'டூல் பாக்ஸ் டாக்' என்று பெயர். அதில் டூலும் இருக்காது, பாக்ஸும் இருக்காது. நான் மட்டும் இருப்பேன்.

எந்த வாக்கியத்தையும் 'வந்து' என்று தொடங்குவது என் வழக்கம். வந்து, நேத்து ஒருத்தர் செருப்போட ஃபர்னஸ் பக்கம் போனாரு. வந்து, அது தப்பு. வந்து, ஏன் தப்புன்னா. ஆலையில் எனக்கு 'வந்து சார்' என்று பெயர் இருப்பது தெரியவந்தபோது, நேரம் தவறாமல் வந்துவிடுகிற மனிதர் என்ற பொருளில்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துச் சில வருடம் மகிழ்ச்சியாகவே இருந்தேன்.

இப்படிப்பட்டவன் பெண்கள் கிரிக்கெட்டுக்குள் புகுந்ததற்கு என் மகள் வினோதாதான் காரணம் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அவளுக்கு அதில் பெரிய பங்கில்லை. ஒரு நாள் புதுவாயல் கூட்ரோட்டில் டீ குடித்துக்கொண்டே டிவியில் பெண்கள் ஆட்டம் ஒன்றைப் பார்த்தேன். கடைசி ஓவரில் ஜெயித்த பிறகு, ஆடிய பெண்ணை விட்டுவிட்டு அவளுடைய அப்பாவைக் காட்டினார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேமரா அவர் மேலேயே நின்றது. அந்த வேலை எனக்குப் பொருத்தமாக இருக்கும் என்று பட்டது.

கொஞ்ச நாளிலேயே 'புதுவாயல் புயல் மகளிர் கிரிக்கெட் அகாடமி' பிறந்தது. மூடிக்கிடந்த ஒரு ஆலையின் பின்னால் காலி மனை. சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டு விரித்த தேங்காய்நார்ப் பாய். பழைய மீன்வலையில் தைத்த நெட். வாசலில் ஒரு ஃபிளெக்ஸ். அதில் ஒரு படிக்கட்டு. முதல் படியில் தெரு என்றும் அடுத்தடுத்த படிகளில் மாவட்டம், மாநிலம், இந்தியா என்றும் எழுதியிருந்தது. இந்தியா என்ற படியில் ஒரு பெண் மட்டையோடு நிற்க வேண்டும். பிரிண்டிங் கடைக்காரரிடம் சரியான படம் கிடைக்கவில்லை. இடம் சும்மா கிடக்கிறதே என்று என் படத்தை அங்கே போட்டுவிட்டார். மாற்றச் சொல்ல வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மோசமாகவும் இல்லை.

அகாடமியில் உண்மையாகவே ஆடத் தெரிந்த பெண் ஒருத்தி இருந்தாள். ரோஜா. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் மீன் பிடிக்கும் தேசப்பனின் மகள். பொன்னேரி வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் புதுவாயலுக்கு வருவாள். நெட் தைத்த வலை அவர்கள் வீட்டு வலைதான். நான் விளக்கம் சொல்லும்போது பந்தைப் பார்த்துக்கொண்டே கேட்பாள். பந்து வந்துவிட்டால் கேட்பதை நிறுத்திவிடுவாள். அவள் நன்றாக ஆடியதற்கு முக்கியக் காரணம் அதுதான் என்று இப்போது தெரிகிறது.

மாவட்ட அளவில் பதினைந்து வயதுக்குட்பட்ட பெண்களுக்கான போட்டி அறிவித்தார்கள். நன்றாக ஆடுகிறவர்களை மாநில முகாமுக்கு எடுப்பார்கள். ரோஜாவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். அதற்கு மேலே பத்தொன்பது வயதுக்குட்பட்டவர்களின் வரிசை. அங்கே சின்ன வயதிலிருந்தே முகாம் முகாமாகப் போய்வந்த பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். மீன்வலை நெட்டிலிருந்து நேராக அந்த வரிசைக்குள் நுழைய முடியாது. இது ரோஜாவுக்குத் தெரியும். அவள் அப்பாவுக்குத் தெரியும். எனக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும் என்பதால், எதையாவது செய்தாக வேண்டும் என்று துடித்தேன்.

அப்படித்தான் ரகசியக் குறிச்சொல் திட்டம் உருவானது.

மட்டை பிடிக்கும் இரண்டு பேரும் ரன் ஓடும்போது ஒருவரை ஒருவர் கூப்பிட வேண்டும். வா, வேண்டாம், நில். எல்லா அணிகளும் இதை ஆங்கிலத்திலோ தமிழிலோ கத்துகின்றன, எதிரணிக்குப் புரிந்துவிடுகிறது. நாம் தெலுங்கில் கத்துவோம் என்றேன். என் மனைவி ரத்னா சூளூர்ப்பேட்டைப் பக்கம். கல்யாணம் ஆனதிலிருந்து அவளிடம் நான் கற்ற தெலுங்கு மொத்தம் மூன்று சொற்கள். 'ரா' என்றால் வா. 'ஆகு' என்றால் நில். 'வத்து' என்றால் வேண்டாம். மூன்றையும் வீட்டில் என்னிடம் சொல்லித்தான் பழக்கம். கடைசிச் சொல்லைத்தான் அதிகம்.

திட்டத்தை ஒரு டூல் பாக்ஸ் டாக் அளவுக்கு விளக்கி முடித்தபோது வினோதா மட்டும் கையைத் தூக்கினாள்.

"நாங்க ஓடறது அவுங்க கண்ணுக்கே தெரியும் நைனா. அப்புறம் இன்னாத்துக்கு ரகசியம்?"

மேல்மட்டத்துக்குப் போக நினைக்கிறவர்கள் இப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்றேன். அவள் கேட்கவில்லை. குறிச்சொற்களையும் கற்கவில்லை. மற்ற பெண்கள் சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்டு மறந்தார்கள். ரோஜா மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டாள். வத்து என்ற சொல் காதில் விழுந்ததும் கால் தானாக நின்றுவிடும் வரை பழகினாள். என் வாழ்நாளில் நான் சொன்னதை அப்படியே செய்த முதல் ஆள் அவள். கடைசி ஆளும் அவளாகத்தான் இருப்பாள்.

அரையிறுதி திருவாலங்காட்டில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. மாநில முகாமுக்கு ஆள் பார்க்க ஹெலன் மேடம் வந்திருந்தார். ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர் என்றார்கள். வேப்பமர நிழலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார், யாரோடும் பேசவில்லை. அகாடமியின் தொலைநோக்குப் பார்வையை விளக்க நான் போய் முன்னால் நின்றேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார், பந்து தெரியவில்லையாம்.

எதிரணி எடுத்ததைத் துரத்த ரோஜாவும் வினோதாவும் இறங்கினார்கள். ரோஜா முதல் பந்திலேயே மூன்று ரன் எடுத்தாள். அடுத்த ஓவரில் கவர் பக்கமாகத் தட்டிவிட்டு, "ரா" என்று கூப்பிட்டு ஓடினாள். வினோதாவும் ஓடிவந்தாள். அழகான ஒரு ரன். யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ரன். ஆனால் வினோதா மட்டையைத் தரையில் உரசாமல் தோளில் சாத்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்துவிட்டேன். பாதுகாப்பு அதிகாரியின் கண்ணுக்கு அது தப்பாது. எல்லைக்கோட்டில் நின்றபடி, மட்டையைக் கீழே வைக்கச் சொல்வதற்காக வாயைத் திறந்தேன்.

"வந்து..."

நடுவழியில் ரோஜா அப்படியே நின்றுவிட்டாள். டீசல் தீர்ந்த பஸ் மாதிரி. யார் சொன்னாலும் எதையும் காதில் வாங்காத என் மகள் அவளைத் தாண்டி ஓடி, மறுபக்கம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாள். பந்து வந்தது, குச்சி விழுந்தது. ரோஜா அவுட். ஹெலன் மேடம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு நாற்காலியைச் சரி செய்துகொண்டார். நான் அப்போதும் "மட்டைய கீழ வை" என்பதைச் சொல்லி முடிக்காமல் இல்லை. எடுத்த வாக்கியத்தை முடித்துவிடுவேன்.

அந்த ஆட்டத்தை எப்படியோ ஜெயித்தோம். எங்கள் அணியில் அதிக ரன் எடுத்தது எதிரணியின் வைடு பந்துகள். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தையும் பார்த்துவிட்டு அன்றே பெயர்களைச் சொல்லிவிடுவேன் என்று ஹெலன் மேடம் கிளம்பினார்.

ஆலையில் விபத்து நடந்தால் நான்தான் அறிக்கை எழுதுவேன். சம்பவம், மூல காரணம், திருத்த நடவடிக்கை. வேனில் திரும்பும்போது இந்தச் சம்பவத்துக்கும் மனத்துக்குள் அறிக்கை எழுதி முடித்திருந்தேன். மூல காரணம், காற்று. திறந்த மைதானம், ரயில் பாதை, காற்று. அதைப் பெண்களிடம் சொன்னபோது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ரோஜா முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"நீங்கதானே சார் வத்துன்னு கத்துனீங்கோ. அதான் நின்னேன்."

"நான் எங்கம்மா வத்துன்னு சொன்னேன்? வந்துன்னு ஆரம்பிச்சேன்."

"வந்து இன்னா நைனா?" என்றாள் வினோதா.

"வந்து... அதுக்குள்ள அவுட் ஆயிட்டா."

பிறகு பின்சீட்டில் யாரோ மெதுவாக "வந்து" என்றார்கள். இன்னொருத்தி "வத்து" என்றாள். திருவள்ளூர் தாண்டும் வரை சிரித்தார்கள். ரோஜா சிரிக்கவில்லை. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாள். காற்று என்பதை அறிக்கையிலிருந்து அடித்துவிட்டேன். அந்த இடத்தில் வேறு எதையும் எழுத மனம் வரவில்லை.

மறுநாள் மாலை தேசப்பன் எங்கள் வீட்டுக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து, எங்கள் அகாடமி நடைமுறைகள் பற்றி ஒரு முன்னுரையைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கையில் ஒரு பை. அதில் பழவேற்காட்டு மடவை மீன். ஏரியில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதில் தொடங்கி, முகத்துவாரம் மணல் அடைத்துக்கிடப்பது, வள்ளூர்ப் பக்கம் ரோடு மோசமானது என்று சுற்றிச்சுற்றி வந்தார். நான் செய்வதெல்லாம் பெரிய காரியம் என்றார். வேறு யார் செய்வார்கள் என்றார். பேச்சு நெருங்கி வரவர நாற்காலியின் நுனிக்கு வந்துகொண்டிருந்தார்.

"பொண்ணு நேத்துலருந்து சோறு துன்னல சார். அடுத்த வருசம் வயசு பூடுமாமே."

ஆமாம் என்றேன்.

"அதான்... ஞாயித்துக்கெயம மட்டும்... நீங்க..." என்று என் மனைவியைப் பார்த்தார். எனக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது. ஆனாலும் அவர் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவ்வளவு நல்ல மனிதரால் அதைச் சொல்ல முடியவில்லை.

"அவுரு பேச மாட்டாருண்ணா. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி ரத்னா மீன் பையை வாங்கி உள்ளே வைத்தாள். என் பேச்சுக்கு இதுவரை யாரும் விலை கொடுத்ததில்லை. பேசாமல் இருப்பதற்கு மடவை மீன் கிடைத்தது. குழம்பு நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனாலும் ஒரு திட்டத்தை அப்படியே கைவிடுவது நிர்வாக ரீதியாகச் சரியில்லை. வத்துவுக்குப் பதிலாக வேறு சொல்லை வைத்தால் என்ன என்று சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். ரத்னாவிடம் தெலுங்கில் இன்னும் நல்ல சொல்லாக ஒன்று கேட்டேன். இருக்கிறது என்றாள். சொல்லு என்றேன். அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பெண்கள் அதற்குள் தங்களுக்குள்ளேயே ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். அதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். யாரும் எதையும் கத்த வேண்டியதில்லை. ரோஜா வினோதாவிடம், நீ என் மூஞ்சைப் பார், நான் உன் மூஞ்சைப் பார்க்கிறேன், ஓடத் தோன்றினால் ஓடுவோம் என்று சொல்லியிருக்கிறாள். ஓர் அகாடமியின் மொத்தப் பாடத்திட்டமும் இவ்வளவு சுருக்கமாக இருக்கக்கூடும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இறுதி ஆட்டம் திருவள்ளூரில் ஒரு கல்லூரி மைதானத்தில். ரத்னா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு எவர்சில்வர் தூக்கு. அது நிறைய முறுக்கு. நான் வாயைத் திறந்தால் ஒன்றை எடுத்து உள்ளே வைப்பது அவள் திட்டம். இதற்குப் பெயர் இல்லை, ஃபிளெக்ஸ் இல்லை. ஆனால் நான் பார்த்த திட்டங்களில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது இது ஒன்றுதான்.

எதிரணி முதலில் ஆடியபோது எங்கள் பெண்கள் இரண்டு கேட்சை விட்டார்கள். இரண்டு முறுக்கு. பந்து வீசும் பெண் கோட்டைத் தாண்டிக் காலை வைத்தாள். முறுக்கு. எதிரணியின் பயிற்சியாளர் கறுப்புக் கண்ணாடியும் விசிலுமாக என்னிடம் வந்து, ஆடுகளம் எப்படி என்று கேட்டார். தலையை ஆட்டினேன். டாஸ் பற்றிக் கேட்டார். கையை விரித்துக் காட்டினேன். அவர் முகம் மெல்ல மாறியது. என் தோளைத் தொட்டு அழுத்திவிட்டுப் போனார். அடுத்த சில ஓவர்களில் அந்தப் பக்கத்துப் பெற்றோர் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்தேன். புகழ் இப்படித்தான் வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த மனிதருக்குப் பேச்சு வராதாம், அப்படியிருந்தும் தனியாளாக அகாடமி நடத்துகிறாராம் என்று அங்கே செய்தி பரவியிருந்தது எனக்குத் தெரியாது. ரத்னாவுக்குத் தெரியும். ஒரு அம்மா வந்து அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னபோது அவள் மறுக்கவில்லை. பதினாறு வருசமாச்சு அக்கா, பழகிடுச்சி என்றாளாம்.

நாங்கள் எடுக்க வேண்டியது தொண்ணூற்றைந்து. ரோஜாவும் வினோதாவும் இறங்கினார்கள். ஹெலன் மேடம் நாற்காலியை எல்லைக்கோட்டுக்கு அருகில் இழுத்துப் போட்டார்.

ரோஜா அன்று ஆடியதை விளக்க நான் ஆள் இல்லை. விளக்க முயலும் ஒவ்வொரு முறையும் முறுக்கு வந்தது. பந்து வர வேண்டிய இடத்துக்கு அவள் கொஞ்சம் முன்னாலேயே போய்க் காத்திருந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். நடுநடுவே அவளும் வினோதாவும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், ஓடுவார்கள். சத்தமே இல்லை. பீல்டர்கள்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். வினோதா தன் பங்குக்கு அவுட் ஆகாமல் நின்றாள். அவளுக்கு ஆட்டத்தில் அவ்வளவு ஆசை இல்லை என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் ஒவ்வொரு ஓவர் முடிந்ததும் நடுவில் போய் ரோஜாவிடம் ஏதோ சொல்லி அவளைச் சிரிக்கவைத்துவிட்டு வந்தாள். என்னைப் பற்றித்தான் இருக்கும்.

இன்னும் எட்டு ரன் எடுத்தால் வெற்றி என்ற நிலை வந்தது. ரோஜா நாற்பத்து நாலில் இருந்தாள். மிட்விக்கெட் பக்கம் தூக்கி அடித்தாள். பந்து எல்லைக்கு முன்னால் நின்றுவிட்டது. ஒரு ரன் முடித்து, இரண்டாவதற்குத் திரும்பினார்கள். திரும்பும் இடத்தில் வினோதாவுக்குக் கால் வழுக்கியது. கோட்டுக்குள்ளேயே குப்புற விழுந்தாள். ரோஜா பந்தைப் பார்த்தபடி அதே கோட்டை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தாள். இருவரும் ஒரே பக்கம். மறுபக்கம் ஆளே இல்லை. பந்து அந்தப் பக்கத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது. வினோதா கோட்டுக்குள் இருக்கும் வரை அவுட் ஆகப்போவது வெளியே நிற்கும் ரோஜாதான்.

நான் எழுந்துவிட்டேன். ரத்னா முறுக்கை எடுத்த கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.

எதைச் சொல்வது? வத்து என்றால் அவளுக்கு வந்து என்று கேட்கலாம். வந்து என்றால் வத்து என்று கேட்கலாம். இரண்டு மொழிகளில் இருந்த இரண்டு நல்ல சொற்களையும் நானே கெடுத்து வைத்திருந்தேன். ஒரு ஷிஃப்டுக்கு முன்னால் அரைமணி நேரம் பேசக்கூடியவனிடம், ஒரு பெண்ணைக் காப்பாற்ற ஒரு சொல் இல்லை. வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். முறுக்குக்குத் தேவையே இருக்கவில்லை.

வினோதா எழுந்தாள். ரோஜாவின் முகத்தைப் பார்த்தாள். கோட்டை விட்டு வெளியே பாய்ந்து, ரோஜாவைத் தாண்டி, எட்டவே முடியாத மறுபக்கத்தை நோக்கி ஓடினாள். பாதி தூரம்கூடப் போகவில்லை. குச்சி விழுந்தது. அவுட் ஆனது வினோதா. மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு நடந்து வந்தாள்.

மிச்ச ரன்களை ரோஜா எடுத்தாள். கடைசி அடி என் தலைக்கு மேலே போனது. அவள் ஐம்பதைத் தாண்டியதும் தேசப்பன் கைதட்டவில்லை. துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கேமரா எதுவும் அவர் பக்கம் இல்லை.

நான் வினோதாவைத் தேடிப் போனேன். பேசும் அனுமதி திரும்பக் கிடைத்திருந்தது. இந்த மண்ணில் இப்படி ஒரு தியாகம் நடந்ததில்லை என்று தொடங்கி, தோழிக்காகத் தன் விக்கெட்டையே கொடுத்த மகளைப் பெற்ற தகப்பனின் நிலையை விளக்கி, எந்தப் பத்திரிகைக்குச் சொல்லலாம் என்பது வரை வந்துவிட்டேன். அவள் குச்சி ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"தியாகமும் இல்ல ஒண்ணும் இல்ல நைனா. வழுக்கி வுய்ந்தேன். எந்தப் பக்கம் ஓடறதுன்னு தெர்ல. ஓடிட்டேன்."

பொய் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். அவள் முகத்தை ஐஸ் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பெயர்களைச் சொல்லும் முன் ஹெலன் மேடம் எங்கள் பக்கம் வந்தார். என்னைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு ரத்னாவிடம் திரும்பி, இந்தப் பெண்கள் ஒரு வார்த்தை பேசாமல் ரன் ஓடுகிறார்களே, சார் இதைச் சைகையில் சொல்லிக்கொடுத்தாரா, இப்படிப்பட்ட நிலையிலும் இவ்வளவு செய்கிறாரே என்று தழுதழுத்த குரலில் கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரத்னா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று ஹெலன் மேடம் நினைத்தார்.

ரோஜாதான் பதில் சொன்னாள்.

"சார் பேசுவாரு மேடம். ரொம்ப பேசுவாரு. எனக்கோசரம்தான் இன்னிக்கி பேசல."

ஹெலன் மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். எவ்வளவோ மைதானம் பார்த்துவிட்டேன் என்றார். பேசத் தெரிந்த ஒரு பயிற்சியாளர் ஒரு முழு ஆட்டத்துக்கும் வாயை மூடிக்கொண்டிருந்ததை இதுவரை பார்த்ததில்லை என்றார். அவர் குரலில் இருந்த தழுதழுப்பு மரியாதையாக மாறியது, முன்பைவிட அதிகம்தான். அடுத்த மாதம் பயிற்சியாளர்கள் கூட்டம் ஒன்று இருக்கிறது, முடிந்தால் வந்து இதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்களேன் என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். நான் அதை அழைப்பாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு பெயர்களைப் படித்தார். ரோஜாவின் பெயர் மூன்றாவதாக வந்தது. வினோதாவின் பெயர் வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும்; இருந்தாலும் கடைசிப் பெயர் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வினோதா அதற்கு முன்பே ரோஜாவைத் தூக்கிக்கொண்டு சுற்ற ஆரம்பித்துவிட்டாள். தேசப்பன் என்னிடம் வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். மீன் வாசனை அடித்தது. அன்று மைதானத்தில் நான் நடத்திய உரையாடல்களில் சுருக்கமானதும் நல்லதும் அதுதான்.

பத்து நிமிட உரையை அன்றிரவே எழுதத் தொடங்கினேன். 'பேசாமை: ஓர் அறிமுகம்' என்று தலைப்பு. இப்போது அது முக்கால் மணி நேரம் வருகிறது. ரத்னாவிடம் படித்துக் காட்டினேன். கேட்கிறவர்களுக்கு நாஷ்டா உண்டா என்று மட்டும் கேட்டாள்.

முகாம் தொடங்கும் முந்தின நாள் ரோஜா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வினோதாவின் பெரிய பையை இரவல் வாங்கிக்கொண்டாள். கிளம்பும்போது வாசலில் நின்று, ஏதாச்சும் சொல்லணுமா சார் என்று கேட்டாள். நிஜமாகவே கேட்டாள். என்னிடம் நிறைய இருந்தது. மாநில அளவில் நடந்துகொள்ள வேண்டிய முறை, சத்துணவு, படிக்கட்டின் மூன்றாவது படியின் முக்கியத்துவம். வினோதா என்னைப் பார்த்தாள். ரத்னா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சாப்ட்டுட்டுப் போம்மா" என்றேன்.

தோசை சாப்பிட்டாள், பையைத் தூக்கிக்கொண்டாள், போனாள். ஷேர் ஆட்டோ ஹைவேயில் திரும்பும் வரை நானும் வாயைத் திறக்கவில்லை.

மற்றதையெல்லாம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பிவைத்தேன். அனுப்பி நாலு நாளாகிறது. இன்னும் அவள் கேட்டதற்கான நீல அடையாளம் வரவில்லை. முகாமில் போனையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று வினோதா சொல்கிறாள். நல்ல முகாம்தான் என்று ரத்னா சொல்கிறாள்.